சில்வண்டும் ரெண்டு ஹெட்போனும்

ஆடி நோம்பிக்கு வந்த பையன் ரெண்டு ஹெட்போன் கொண்டு வந்திருந்தான். ஒண்ணு சென்ஹைசர் எச்டி 600, இன்னொண்ணு பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ. ரெண்டும் ஓப்பன் பேக். வெளிப்பக்கம் அடைப்பு இல்லாம சல்லடை மாதிரி இருக்குங்க. உள்ளே பாடுறது வெளியே கேக்கும், வெளிச் சத்தம் உள்ளே வரும். "இதென்ன கண்ணு, மூடி இல்லாத குண்டா மாதிரி?" என்றேன். "காத்து அடைபடாததுனாலதான்ப்பா சத்தம் இயல்பா இருக்கும்" என்றான்.

அன்னைக்கு வாழைக்குத் தண்ணி கட்டணும். மும்முனைக் கரண்டு ராத்திரி பத்துக்கு மேலதான் வரும். அதுவரைக்கும் மோட்டார் ரூம் திண்ணையில உக்காந்து ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டோம். சத்தத்தை ரெண்டுலயும் ஒரே அளவுக்கு வெச்சான். இல்லன்னா சத்தம் கூட இருக்கறதுதான் நல்லா இருக்கற மாதிரி தோணுமாம். இளையராஜா 1986ல போட்ட 'ஹவ் டு நேம் இட்' ஓடுச்சு.

ட்யூனிங்னா என்னன்னு நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான்: எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணி விடறதுங்கற கணக்கு. எச்டி 600 வந்தது 1997ல. குரல், வயலின் இருக்கற நடுப்பாத்திக்கு நெறைஞ்ச தண்ணி. அடி ஆழத்து பேஸ் மட்டும் கொஞ்சம் வத்தல். டிடி 990ல கீழயும் மேலயும் பாய்ச்சல், நடுவுல கம்மி. 8000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடே இருக்கு.

எனக்கு 990தான் பிடிச்சுது. "600 கம்பளி போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்குடா" என்றேன். அவனுக்கோ 990ல 'ஸ' வர்ற இடமெல்லாம் ஊசி குத்துதாம். ஒரே பாட்டு, ஒரே சத்தம், ரெண்டு தீர்ப்பு. கொஞ்ச நேரம் வாதாடிட்டு அவன் ஹெட்போனைக் கழட்டினான். "ஓப்பன் பேக்குக்கு இந்த இடம் ஆகாதுப்பா. சில்வண்டு கத்துறது பாட்டுக்குள்ள வருது."

"எந்தச் சில்வண்டு?" என்றேன்.

அவன் என்னையே பாத்தான். அப்புறம் போன்ல ஒவ்வொரு சத்தமா வெச்சுக் காட்டினான். 1000, 2000 ஹெர்ட்ஸ் கேட்டுச்சு. 4000 வலது காதுல லேசா. 6000 ரெண்டுலயும் இல்ல.

இருபது வருசம் டீசல் இன்ஜின் பக்கத்துல, அதுக்கப்புறம் பவர் டில்லர். பெரிய சத்தம் முதல்ல திங்கறது 3000லருந்து 6000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தானாம். பேச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கறதால ஆளுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரி "நான் சொல்றது எதையும் காதுலயே வாங்கறதில்ல"ன்னு போடற சண்டைக்கும் இப்பத்தான் அர்த்தம் விளங்குச்சு. எனக்குப் பத்தாத மேல் சத்தத்தை 990 தூக்கிக் குடுத்துச்சு, அவ்வளவுதான். நான் ஹெட்போனுக்குத் தீர்ப்பு சொல்லல, என் காதுக்குச் சொல்லியிருக்கேன்.

பையன் 990ஐ எனக்கே விட்டுட்டுப் போனான். சத்தத்தைக் குறைச்சே வைன்னு உத்தரவு. டில்லர் பிடிக்கையில காதுக்கு அடைப்பான் போட ஆரம்பிச்சிருக்கேன். போனது வராது, இருக்கறதாவது நிக்கட்டும். அடுத்த வாரம் காது டாக்டரைப் பாக்கணும்.

ஒரு திருத்தமும் சொல்லிடறேன். போன வருசம் இங்கதான் எழுதினேன், மருந்தடிச்சு மருந்தடிச்சு எங்க காட்டுல சில்வண்டுச் சத்தமே இல்லாமப் போச்சுன்னு. பலபேரு வருத்தப்பட்டு எழுதியிருந்தீங்க. அது தப்புங்க. சில்வண்டு இருக்கு.