மதுரைக்குப் போகாத வண்டி

மதுரைக்குப் போகிறேன் என்று நான் சொன்னது பொய். அன்று நான் போய்க்கொண்டிருந்தது திருச்சிக்கு. 52 வயதில், முன்பின் தெரியாத ஒரு வாடகைக் கார் ஓட்டுநரிடம், கொஞ்சம் மின்சாரத்துக்காக அந்தப் பொய்யைச் சொன்னேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நேரில் சொல்ல வழியில்லாததை இங்கே எழுதுகிறேன்.

மின்சாரக் கார் வாங்கி அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்து யாராவது ஒரு வார்த்தை விசாரித்தால் போதும், கிலோமீட்டருக்கு எத்தனை பைசா ஆகிறது என்று முழுக் கணக்கையும் ஒப்பிக்காமல் அனுப்பமாட்டேன். ஆனால் சார்ஜ் போடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ராத்திரி போர்ட்டிகோவில் உள்ள 15 ஆம்ப் பிளக்கில் செருக வேண்டும், காலையில் பிடுங்க வேண்டும். அந்த வழியில் மணிக்கு 3 யூனிட் போல ஏறும். என் வண்டியின் பேட்டரி 40 யூனிட். காலியாக இருந்தால் நிரம்ப 13, 14 மணி நேரம். சுவரில் 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினால் ஆறு மணி நேரத்தில் முடியும். ஊருக்குள் ஓட்டுகிறவனுக்கு இரண்டில் எதுவானாலும் ஒன்றுதான். தூங்கி எழுவதற்குள் வேலை முடிந்துவிடும். எத்தனை மணிக்கு முடிந்தது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. காலையில் 100 என்று காட்டினால் மனசு நிறைந்துவிடும். 25 வருஷம் பெட்ரோல் பங்க்கில் “டேங்க் ஃபுல் பண்ணுப்பா” என்று சொல்லிப் பழகிய மனசு.

முதல் நெடும்பயணம் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்கு. நானும் மனைவியும் தாம்பரத்திலிருந்து கிளம்பினோம். சித்திரை வெயில். விற்பனையின்போது சொன்ன கிலோமீட்டர் கணக்கை நம்பி 100, 110 என்று விரட்டினேன். வேகம் கூடக் கூட, காற்றைத் தள்ளிக்கொண்டு போகவே பேட்டரியில் பெரும்பங்கு போகும் என்பது புத்தியில் ஏறவில்லை. விக்கிரவாண்டி டோல் தாண்டியபோது சாலையைவிட மீட்டரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். உளுந்தூர்பேட்டை பக்கம் ஓர் உணவகத்தில் வண்டியை நிறுத்தியபோது 31 சதவீதம்.

உணவகத்தின் பின்பக்கம் ஒரே ஒரு டிசி சார்ஜர், அதில் ஒரே ஒரு கன். செயலியை இறக்கி, ஓடிபி வாங்கி, அதில் பணம் போட்டு, க்யூஆரை ஸ்கேன் செய்தால், இரண்டு முறையும் ‘தோல்வி’ என்று வந்தது. மூன்று மாதமாக ஊருக்கே பாடம் எடுத்தவன் கன்னைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். கடைசியில் காவலுக்கு இருந்த பெரியவர்தான் வந்தார். “வண்டியை ஆஃப் பண்ணுங்க சார். கன்னை நல்லா அழுத்துங்க, டக்குனு சத்தம் வரணும். அப்புறம் ஸ்கேன் பண்ணுங்க.” அப்படியே செய்தேன், ஏறத் தொடங்கியது. திரையில் 28 கிலோவாட் என்று காட்டியது. நாங்கள் சாப்பிடப் போனோம்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் 81 சதவீதம். என் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு மின்சாரக் கார். பச்சைப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து, வாடகை வண்டி. ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். பின்சீட்டில் ஒரு மூதாட்டி, நான்கு கண்ணாடியும் இறக்கிவிட்டு, மடித்த செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். சார்ஜ் மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தியிருக்கிறார்கள்.

“சார், 80 தாண்டிருச்சு. எடுத்துக்கிறீங்களா? எனக்கு 9 பர்சென்ட்தான் இருக்கு.”

அங்கிருந்து திருச்சிக்குச் சுமார் 125 கிலோமீட்டர். நான் ஓட்டிய ஓட்டத்துக்கே 50 சதவீதம் போதும். அந்தக் கணக்கு அந்த நொடியில் எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் வந்தது இதுதான்: “நான் மதுரை வரைக்கும் போகணும். 100 வேணும்.”

அவர் முகம் சுளிக்கவில்லை. “மதுரையா? அப்ப கஷ்டம்தான் சார்” என்றவர், கைபேசியை எடுத்து வழியில் இருந்த சார்ஜர்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். எது வேலை செய்யும், எதில் கன் மாட்டிக்கொள்ளும், எங்கே பதினைந்து நிமிஷம் போட்டால் மதுரைக்குத் தாராளமாகப் போகலாம் என்றெல்லாம் சொன்னார். நான் போகாத ஊருக்கு அவ்வளவு அக்கறையாக வழி சொன்னார். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். 28 என்றிருந்த கிலோவாட் 15 ஆனது, 8 ஆனது, 5 ஆனது. முதல் 50 சதவீதம் ஏறிய நேரத்தைவிட, கடைசிச் சொச்சம் ஏறக் கூடுதல் நேரம் பிடித்தது. ஏன் என்று தெரியாது என்று சொல்லி இப்போது தப்பித்துக்கொள்ளலாம். காரணம் தெரியாதுதான். ஆனால் அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதானே நின்றேன்? 98 வந்ததும், ஏதோ தாராள மனசுக்காரன் போல, “பரவாயில்லை, நீங்க போட்டுக்கங்க” என்று கன்னைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார்.

வண்டி நெடுஞ்சாலை ஏறும்வரை மனைவி பேசவில்லை. பிறகு கேட்டாள்: “மதுரையில நமக்கு யாருங்க இருக்கா?”

நான் ஏசியைக் கூட்டிவைத்தேன்.

காரணத்தைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். லித்தியம் அயனி பேட்டரி நிரம்ப நிரம்ப அதன் செல்களில் மின்னழுத்தம் உச்சத்தை நெருங்கும். அதே வேகத்தில் திணித்தால் சூடாகும், செல் கெடும். ஆகவே வண்டியே சார்ஜரிடம் குறைவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சார்ஜர் பெட்டியில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், தன்னால் தாங்க முடிந்த அளவைத்தான் வண்டி எடுக்கும். குடம் கழுத்து வரை நிரம்பியதும் குழாயைச் சிறிதாகத் திருகுவோமே, அதேதான்.

குடம் என்றதும் அம்மா ஞாபகம் வருகிறாள். நாங்கள் குடியிருந்த தெருவுக்கு ஒரே குழாய். நான் விளிம்பு வரை பிடித்துக்கொண்டு நின்றால், “கழுத்துக்கு வந்தாப் போதும்டா, எடு. பின்னால ஆள் நிக்குது” என்பாள். பெட்ரோல் பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டாலும் ஐந்து நிமிஷம். பின்னால் நிற்பவருக்கு நஷ்டம் இல்லை. சார்ஜர் பங்க் இல்லை, குழாயடி. அங்கே நாம் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு சதவீதமும் பின்னால் நிற்பவரின் நேரம். பத்து வயதில் தெரிந்திருந்த இந்த நியாயத்தை 52 வயதில், கார் வாங்கியதும் மறந்துபோனேன்.

புதிதாக மின்சாரக் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், எனக்கு அந்த யோக்கியதை இருந்தால். வீட்டில் எவ்வளவு ஏற்றுவது என்பது உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் கணக்கு. அங்கே பின்னால் யாரும் நிற்பதில்லை. நெடுஞ்சாலையில் 80 வந்ததும் கன்னை எடுத்து அதன் இடத்தில் மாட்டிவிட்டு வண்டியை நகர்த்துங்கள். சாப்பிடப் போனால் கைபேசி எண்ணை எழுதிக் கண்ணாடிக்குள் தெரிகிற மாதிரி வையுங்கள். அடுத்த சார்ஜர் தொலைவில் இருந்து, உண்மையிலேயே 100 தேவைப்பட்டால், காத்திருப்பவரிடம் போகும் ஊரைச் சொல்லிக் கேளுங்கள், உண்மையான ஊரை.

அன்று ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 50 சதவீதம் மிச்சம் இருந்தது. மைத்துனர் வீட்டு வாசலில் 15 ஆம்ப் பிளக்கும் இருந்தது. அந்த மூதாட்டியை வெயிலில் உட்காரவைத்து நான் ஏற்றிய மின்சாரம், மறுநாள் காலையிலும் வண்டிக்குள் அப்படியே இருந்தது.