மீண்டும் ஒரு கப்பல் பாதை

முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைக்கும் ஒல்லாந்தர் வாய்க்காலில் ஒரு காலத்தில் சரக்கு வள்ளங்கள் ஓடின. ஆனால் நம்மூர் மூத்தவர்களிடம் நீர்வழிப் பயணம் பற்றிக் கேட்டால் தலைமன்னார்க் கப்பலைத்தான் சொல்வார்கள். 1914 இல் தொடங்கிய அந்தச் சேவை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984 இல் நின்றது. பின்பு பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியா என்றால் விமானம்தான்.

2023 ஒக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' வந்தது. சில நாட்களிலேயே அது நின்றுபோக, 2024 ஆகஸ்ட் 16 அன்று 'சிவகங்கை' புறப்பட்டது. ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம்.

நம் மாவட்டத்தில் பலருக்கு அந்தத் துறைமுகத்துக்குப் போகும் வழி சாதாரண வழியல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். அவர்களில் பெருந்தொகையினர் வந்து தங்கியது புத்தளத்தில். இப்போது கப்பல் ஏற அதே யாழ்ப்பாணத்தைக் கடக்க வேண்டும். அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். ஒரு நாள் சோனகத் தெருவில் தங்குங்கள்.

வாடைக் காற்றுக் காலத்தில் சேவையை நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள். கடல் தலைசுற்றலுக்கு அஞ்சுவோர் காலையில் இலேசாக உண்ணுங்கள். கப்பலில் நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம்.

வயதான உம்மாமாரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எந்த வீடு நம்முடையது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.