வருகையின் நோக்கம்

பனியன் கம்பெனியில் முப்பது வருடம் கைமடித்த என் அம்மாவுக்கு விடுமுறை என்றால் தீபாவளிதான். போனஸ் வாங்கியதும் மதுரைக்கும் தேனிக்கும் பஸ் ஏறிப் பாதித் திருப்பூர் காலியாகிவிடும். நாங்கள் இங்கேயே இருப்போம். அம்மாவின் ஊர் இலங்கையில், அட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பஸ் ஏறிப் போகிற ஊரல்ல.

வரும் மே மாதம் அவளை அங்கே அழைத்துப்போகத் திட்டமிடுகிறேன்.

1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் கதவைச் சாத்தியிருந்தது. திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தகப்பன் வழியாகத்தான் வர வேண்டும். என் தாத்தா முசிறிப் பக்கமிருந்து சிறுவனாகப் போனவர். பாட்டியோ அந்த லயத்திலேயே பிறந்தவள். அவளைப் பெற்றவளும் அப்படியே. இரண்டு தலைமுறைப் பெண்கள் அந்த மண்ணில் பிறந்தது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பன்னிரண்டு வயதில் அம்மா தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் 'தாயகம் திரும்பியவள்' ஆனாள். அதற்கு முன் அவள் பார்த்தேயிராத தாயகம்.

பயண நிறுவனம் தந்த கையேட்டின் அட்டையில் கொழுந்து பறிக்கும் பெண் சிரிக்கிறாள். அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "கூடை பாதிகூட நெறயல. இதுக்கு அரைப்பேருதான் போடுவாங்க" என்றாள்.

அருவி, பூங்கா என்று நான் போட்ட பட்டியலில் அவளுக்கு அக்கறையில்லை. தண்ணீர் பிடித்த பீலி, பிரட்டுக்களம், தம்பியைத் தூக்கிக்கொண்டு போய் விட்ட பிள்ளைக்காம்பரா, அவளுடைய அம்மாயியைப் புதைத்த மலைச்சரிவு. எந்தப் பயணத் திட்டத்திலும் இவை இல்லை. ஆனால் பழைய துரை பங்களாக்கள் சில இப்போது விடுதிகள்.

"நம்மள உள்ள விடுவாங்களா?"

"காசு கட்டினா விடுவாங்கம்மா."

"அப்ப ஒரு ராத்திரி அங்கயே தங்கோணும். காத்தால எட்டு மணி வரைக்கும் தூங்கோணும்."

விடியுமுன் தப்படித்து எழுப்பிய தோட்டத்திலும், எட்டரை மணி ஷிஃப்டுக்குச் சோறு கட்டி ஓடிய திருப்பூரிலும் அவளுக்குக் கிடைக்காத தூக்கம் அது.

விசா விண்ணப்பம் வருகையின் நோக்கத்தைக் கேட்கிறது. 'பிறந்த ஊருக்குப் போதல்' என்று அதில் ஒரு கட்டம் இல்லை. உறவினரைப் பார்க்க என்று போடலாமென்றால், அங்கே உயிரோடு யாருமில்லை. 'சுற்றுலா' என்று அடிக்க எனக்குக் கை வரவில்லை. வளர்ந்த மண்ணில் அவள் சுற்றுலாப் பயணியா?

அம்மாவுக்கு அந்தச் சங்கடம் துளியுமில்லை. "சுற்றுலான்னே போடு கண்ணு. வேலைக்குன்னுதான் எங்களைக் கப்பலேத்திக் கொண்டுபோனாங்க. நான் சும்மா சுத்திப் பாக்கப் போறேன்னு எழுதட்டும்."

எழுதிவிட்டேன்.