ஜெயிக்கிறது டூப்பு... விழுறது நிஜம்!

‘‘அட, அதெல்லாம் டூப்புப்பா!’’ - டி.வி-யில் ரெஸ்லிங் ஓடும்போது உங்க வீட்டிலும் யாராவது இந்த டயலாக்கை விட்டிருப்பாங்க. எங்க வீட்டில் அப்பா, ஹாஸ்டலில் ரூம்மேட். அப்பல்லாம் பதில் தெரியாம முழிச்சிருக்கேன் பாஸ். இப்போ ஒரு பதில் இருக்கு. அதுக்கு நீங்க கனடா வரைக்கும் வரணும்.

அங்கே 1948-ல் ஒரு மல்யுத்த கம்பெனி ஆரம்பிச்சார் ஸ்டூ ஹார்ட். பிற்பாடு அதுக்கு ‘ஸ்டாம்பீட் ரெஸ்லிங்’னு பேர். வெள்ளிக்கிழமை கால்கரியில் ஷோ. மற்ற நாட்களில் எட்மன்டன், சாஸ்கடூன், ரெஜைனானு பனி ரோட்டில் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் வேன் பயணம்.

பயிற்சி எங்கே தெரியுமா? ஸ்டூ வீட்டுக்கு அடியில் இருந்த ரூமில்! பேரே ‘டன்ஜன்’... பாதாளச் சிறை. ஸ்டூ பிடி போட்டா, மலை மாதிரி ஆளும் அலறுவான். டிரம்ப் கார்டில் நம்ம அண்ணன்கள் பார்த்த பிரெட் ஹார்ட், ஓவன் ஹார்ட் ரெண்டு பேரும் ஸ்டூவோட பசங்க, அந்த ரூமில் உருண்டவங்க.

நம்ம சினிமாவில் விநியோகத்துக்கு ஏரியா பிரிப்பாங்களே, அப்போ வட அமெரிக்க ரெஸ்லிங்கும் அப்படித்தான். ஒருத்தர் ஏரியாவில் இன்னொருத்தர் கை வைக்க மாட்டார். கேபிள் டி.வி பலத்தோட அந்தக் கோட்டை அழிச்சார் டபிள்யூ.டபிள்யூ.எஃப் முதலாளி வின்ஸ் மெக்மஹன். 1984-ல் ஸ்டூ கம்பெனியை அவருக்கே விற்றார். அடுத்த வருஷமே திரும்பத் திறந்தும், 80-களோட முடிவில் மூடவேண்டியதாச்சு. ஆனா, கத்துக்கிட்ட வித்தையை யார் விலைக்கு வாங்க முடியும்? 1992-ல் பிரெட் அதே டபிள்யூ.டபிள்யூ.எஃப்-பின் உலக சாம்பியன்!

‘என்னோட மோதின யாருக்கும் பெரிய காயம் ஆனதில்லை’ங்கிறதுதான் பிரெட்டோட பெருமை. எதிராளியின் உடம்பை நம்பி வாங்கி, பத்திரமா திருப்பித் தர்றதுதான் இந்தத் தொழில்.

அது தவறினா என்னாகும்? 1999 டிசம்பரில் எதிராளி விட்ட ஒரு உதை பிரெட்டோட தலையில் பட்டுச்சு. மறு வருஷமே ரிட்டயர்மென்ட். அதே 1999 மே மாசம், கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி என்ட்ரி கொடுக்கிற ‘ஷோ’வுக்காக மேலே ஏறின ஓவன், விழுந்து இறந்துட்டார். வயசு 34.

யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கலாம். தரைக்கு அதைச் சொல்லி வைக்க முடியாதே! அடுத்த தடவை யாராவது ‘டூப்பு’ன்னா, சண்டை போடாதீங்க. ஓவன் கதையைச் சொல்லுங்க.