இரவு 10 மணிக்கு விழிக்கும் தெரு!

இரவு 9.50. தென்கொரியத் தலைநகர் சியோலின் டேச்சி-டோங் பகுதியில் சாலையோரம் வரிசைகட்டி நிற்கின்றன கார்கள். பார்ப்பவர்களுக்கு ஏதோ சினிமா விடப்போகிறது என்றுதான் தோன்றும். 10 மணி ஆனதும் மாடிப்படிகளில் திபுதிபுவென இறங்கி வருவது பள்ளிப் பிள்ளைகள். சிலர் கையில், விமான நிலையத்தில் இழுத்துப்போவதுபோல சக்கரம் வைத்த பெட்டி. உள்ளே துணிமணி இல்லை, புத்தகங்கள்!

‘கங்னம் ஸ்டைல்’ பாட்டு நினைவிருக்கிறதா? அதே கங்னம் மாவட்டத்தில்தான் இந்தத் தெருவும் இருக்கிறது. ‘ஹாக்வன்’ எனப்படும் ட்யூஷன் சென்டர்கள் மாடிக்கு மாடி பெயர்ப்பலகை மாட்டியிருக்கின்றன. 1970-களில் ஹான் நதிக்குத் தெற்கே நகரத்தை விரித்த அரசு, பேர்பெற்ற பள்ளிகளை வடகரையிலிருந்து இங்கே கொண்டுவந்தது. பள்ளியைத் தேடிப் பெற்றோர் வந்தார்கள். பெற்றோரைத் தேடி ட்யூஷன் வந்தது. அருகிலேயே 1979-ல் கட்டிய ‘உன்மா’ அடுக்குமாடிக் குடியிருப்பு. 4,400-க்கும் மேற்பட்ட வீடுகள், எல்லாம் பழசு. ஆனாலும் பிள்ளையின் படிப்புக்காக, வசதியான சொந்த வீட்டை விட்டுவிட்டு இங்கே வாடகைக்கு வருகிறார்கள்.

பள்ளி வீட்டுப்பாடம் போதாதென்று ஹாக்வனும் வீட்டுப்பாடம் தரும். பெரிய ஹாக்வனில் சேரவும் அதன் பாடத்துக்கு ஈடுகொடுக்கவும் தனியாக ஒரு சின்ன ஹாக்வன். அதற்கு ‘குட்டி ஹாக்வன்’ என்றே பெயர். ட்யூஷனுக்கே ட்யூஷன்! பள்ளி வாசலையே மிதிக்காத குழந்தைகள் எழுதும் ஹாக்வன் நுழைவுத் தேர்வுக்கு ‘7 வயதுத் தேர்வு’ என்று பெயர். அது கொரியக் கணக்கு. நம் கணக்கில் அந்தக் குழந்தைக்கு ஐந்தோ, ஆறோதான்.

அரசு சும்மா இருக்கவில்லை. 1980-ல் தனி ட்யூஷனையே தடை செய்தது. 2000-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பிறகு சியோலில் ஹாக்வன்கள் இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று விதி வந்தது. அதை 2009-ல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதனால்தான் இந்த 10 மணிக் கூட்டம்.

இவ்வளவு எழுதினால் பலன் உண்டா? கொரிய மாணவர்கள் ‘பிசா’ சர்வதேசத் தேர்வில் முன்வரிசையில் இருப்பது உண்மை. ஆனால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் சொன்னது வேறு: 7-ம் வகுப்புக்கு மேல் வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிகிறது, சின்ன வகுப்புகளில் அது மிகக் குறைவு. 1, 2-ம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

டேச்சி-டோங்கில் பறிபோவது தூக்கம்தான். ‘நாலு மணி நேரம் தூங்கினால் பாஸ், ஐந்து மணி நேரம் தூங்கினால் ஃபெயில்’ என்பது கொரியாவில் பழைய வழக்கு. இதைப் பெருமையாகச் சொல்லும் ஊரில், குழந்தை கொட்டாவி விடக்கூட நேரம் பார்க்க வேண்டியிருக்கும்.

10.20. கூட்டம் கலைகிறது. மூலைக்கடையில் கப் நூடுல்ஸ் ஆறுவதற்காகக் காத்திருக்கிறான் ஒரு சிறுவன். பக்கத்தில் விரித்த நோட்டு. வெளியே அம்மாவின் கார் ஹாரன் அடிக்கிறது. இன்னும் இரண்டு கணக்கு பாக்கி.