பதினேழு நாள்

என் தொழில் கணக்கு எழுதுவது. மரக்காணம் உப்பளத்தில் ஒரு குத்தகைக்காரரிடம் இருபத்திரண்டு வருஷம் மூட்டைக் கணக்கு எழுதினேன். எந்த லாரியில் எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்று இன்றைக்குக் கேட்டாலும் பழைய நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். 2005ஆம் வருஷத்து நோட்டில் ஆகஸ்ட் 2 முதல் 18 வரை என் கையெழுத்து எந்தக் கோணலும் இல்லாமல் இருக்கிறது. அந்தப் பதினேழு நாளும் என் மனைவி மாத்திரை சாப்பிடவில்லை. நிறுத்தியது நான்.

முந்தைய டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் உள்ளே வந்தபோது அவளுக்கு ஏழாம் மாசம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. குப்பத்து ஜனங்கள்தான் நனைந்த துணியோடு கிழக்கிலிருந்து ஓடி வந்தார்கள். அவள் வாசலில் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அன்றைக்கு அவள் கடலைப் பார்க்கவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் ஊரே ஒரு காரணம் சொன்னது: "கடலப் பாத்துப் பயந்துட்டா."

மார்ச்சில் பிறந்தது. இரண்டாவதும் பெண். ஆஸ்பத்திரி வராண்டாவில் என் அம்மா செய்தியைக் கேட்டுவிட்டு, பிள்ளை முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினாள். நானும் சர்க்கரை வாங்கவில்லை. மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச், ஏப்ரல் எங்களுக்கு உப்பு விளையும் காலம். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. விடிகாலை மூணு, நாலு மணிக்கே பெண்கள் வாரப் போய்விடுவார்கள். நானும் அவர்களோடு போய்விட்டு, வெயில் சாய்ந்து வீட்டுக்கு வருவேன். வரும்போதெல்லாம் அவள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, அது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்கமாட்டாள். அதன் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள், விரலை எடுப்பாள், மறுபடி வைப்பாள். ஒரு ராத்திரி என்னிடம் சொன்னாள், "ஏங்க, இத என்னால வளக்க முடியாது. யாராவது நல்லவங்க கையில குடுத்துடுங்க." பக்கத்து வீட்டுக்கு இரவல் அண்டாவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது மாதிரியான குரல். அழுதிருந்தால்கூட எனக்கு உறைத்திருக்கும்.

இந்த வியாதிக்கு எங்கள் ஊரில் பேருக்குப் பஞ்சமில்லை. பிரசவ சன்னி என்றார்கள். பச்சை உடம்போடு வெளியே போனதால் காத்து கருப்பு என்றார்கள். பயந்த கோளாறு என்றார்கள். என் அம்மா மட்டும் சுருக்கமாகச் சொன்னாள், "திமிரு. நான் ஆறு பெத்தேன். அதுக்கெல்லாம் நேரம் இருந்துச்சா எனக்கு?" வேப்பிலை அடித்தோம், தாயத்துக் கட்டினோம். ஒரு உறவுக்காரர் ஏர்வாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2001 ஆகஸ்ட் 6இல் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டி வைத்திருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகியதைப் பேப்பரில் படித்தவன் நான். அந்த ஒரு செய்தியைப் படிக்காமல் இருந்திருந்தால் கூட்டிப் போயிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

வழி காட்டியது அந்தக் கடல்தான். சுனாமிக்குப் பிறகு குப்பங்களில் தகரக் கொட்டகை போட்டு, மனசுக்கு ஆறுதலாகப் பேச ஆட்கள் வந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மனநல ஆலோசனை என்ற சொல்லே எங்கள் பக்கம் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது. கிராம நர்ஸம்மா இவளை ஒரு நாள் அந்தக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ராத்திரி தூங்கறியாம்மா?" என்றுதான் கேட்டாளாம். இவள் அரை மணி நேரம் அழுதாளாம். வீடு வாசலைப் பறிகொடுத்தவர்களுக்கு என்று வந்த ஆள், எதையும் பறிகொடுக்காத எங்களுக்கு உதவினார்.

ஜூனில் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வயசில் சின்னவர். இது குணக்கேடு இல்லை, பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, மருந்துக்குக் கேட்கும் என்றார். செர்ட்ராலின் என்று எழுதினார். பால் கொடுக்கலாம். வேலை செய்ய இரண்டு மூணு வாரம் ஆகும். தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. கடைசியாக என்னைப் பார்த்து, "ராத்திரியில தொடர்ந்து நாலு மணி நேரம் இவங்க தூங்கணும். அந்த நேரத்துக்குக் குழந்தை உங்க கையில" என்றார். மாத்திரையை வாங்கினேன். இந்தக் கடைசி மருந்தை மட்டும் என் அம்மாவிடம் தள்ளிவிட்டேன்.

ஜூலை நடுவில் ஒரு நாள் டீயில் சர்க்கரை இல்லை என்று சொன்னேன். "வேணும்னா எழுந்து போட்டுக்கோங்க" என்றாள் வெடுக்கென்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலு மாசத்தில் முதல் கோபம்.

ஜூலை 31 ஞாயிறு. தொலைக்காட்சியில் ஒரு நடிகரின் பேட்டி. பேர் வேண்டாம், அவருக்குக் கொடி கட்டியவன், முதல் நாள் முதல் காட்சி பார்க்கத் திண்டிவனம் வரைக்கும் சைக்கிள் மிதித்தவன் நான். யாரோ மன அழுத்தம் பற்றிக் கேட்டார்கள். வேலையில்லாதவர்களுக்கு வரும் வியாதி அது என்றார். நம் அம்மாக்கள் மாத்திரையா சாப்பிட்டார்கள், பிள்ளை பெற்ற மறுநாள் களை எடுக்கப் போகவில்லையா என்றார். அரங்கம் கைதட்டியது. என் அம்மாவும் தட்டினாள். அவர் என் வீட்டைப் பற்றியே பேசுவதுபோல எனக்கு இருந்தது. ஒரு டாக்டர் சொன்னதை இரண்டு மாசமாகச் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நடிகர் சொன்னதை இரண்டு நிமிஷத்தில் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாத்திரை அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"டாக்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

அட்டையைத் தூக்கிப் போடவில்லை. ரசீது வைக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். காசு கொடுத்து வாங்கிய எதையும் எறியாத புத்தி.

மறுநாளிலிருந்தே தலை சுற்றுகிறது என்றாள். "தலைக்குள்ள சுருக்கு சுருக்குனு கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குது" என்றாள். இவ்வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அப்படி வருவது உண்டு என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது அதையும் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பத்தாம் நாள் தூக்கம் போனது. மூக்கடியில் விரல் வைப்பது திரும்ப வந்தது.

ஆகஸ்ட் 19, வெள்ளி, பௌர்ணமி. விடிகாலை எழுந்தபோது பாயும் தொட்டிலும் காலி. எனக்கு முன்னே கிளம்பிப் போன பெண்கள்தான் அவளைப் பார்த்திருக்கிறார்கள். நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. வாரிக் குவித்த உப்பு அந்த வெளிச்சத்தில் பாலாகக் கிடந்தது. பாத்திக்குள், கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில், பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். விளைந்த பாத்தித் தண்ணீர் வெடிப்புள்ள காலில் பட்டால் எப்படி எரியும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவள் எத்தனை நேரமாக நின்றாளோ. எனக்குப் பெரியம்மா முறை ஆகும் ஒருத்தி, சத்தம் போடாமல், வாருபலகையைக் கரையில் வைத்துவிட்டு உள்ளே இறங்கி, "புள்ளைக்குப் பசிக்கும்மா, இப்படிக் குடு" என்று கையை நீட்டியிருக்கிறாள். இவள் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா இங்க வந்த?"

"வீட்டுல இருட்டா இருந்துச்சி, பெரியம்மா. இங்க வெளிச்சமா இருக்குது."

அவள் எதற்கு அங்கே போனாள் என்று நான் இன்று வரை கேட்டதில்லை.

பகலில் பெரியம்மா வீட்டுக்கு வந்தாள். என் அம்மா பழைய பாட்டை ஆரம்பித்தாள், நான் ஆறு பெத்தேன் என்று. "பெத்த. இல்லேன்னு யார் சொன்னா?" என்றாள் பெரியம்மா. "நாலாவது பெத்துட்டு ரெண்டு மாசம் கொல்லையில செவுத்தப் பாத்து ஒக்காந்திருந்தியே, அதையும் சொல்லு. உன் புள்ளைக்கு என் மார்ல பால் குடுத்தேனே, அதையும் சொல்லு." நாலாவது நான். அம்மா பதில் பேசவில்லை. புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் காலத்துப் பெண்களுக்கு இதெல்லாம் வரவில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தப் புடவைத் தலைப்பு ஞாபகம் வரும்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணினேன். அதே டாக்டர், திட்டவில்லை. முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணி வரை குழந்தை என் தோளில். உப்பு மூட்டை எண்ணுகிறவனுக்கு அந்த நாலு மணி நேரத்தின் எடை அப்போதுதான் பிடிபட்டது. மழை தொடங்கி உப்பளம் ஓய்ந்தபோது அவள் எழுந்து நடமாடினாள். மேலும் ஒரு வருஷம் போல மாத்திரை போனது. பிறகு டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

இப்போது அந்தக் குழந்தை நர்ஸிங் படிக்கிறாள். போன வருஷம் மகப்பேறு வகுப்பு நோட்டை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு கதை சொன்னாள். அமெரிக்காவில் புரூக் ஷீல்ட்ஸ் என்று ஒரு நடிகை. 2003 மேயில் பெண் குழந்தை. அதற்குச் சில வாரம் முன்புதான் அப்பா இறந்திருந்தார். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு, மாத்திரையில் தேறினார், 2005இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். டாம் குரூஸ் என்ற நடிகர் தொலைக்காட்சியில் அவரைக் குறை சொன்னார்: மனநல மருத்துவம் போலி விஞ்ஞானம், வைட்டமினும் உடற்பயிற்சியும் போதும் என்று. 2005 ஜூன் 24இல் ஒரு காலை நிகழ்ச்சியில் அதே வாதத்தைக் காரசாரமாகப் பேசினார். ஜூலை 1இல் ஷீல்ட்ஸ் நியூயார்க் டைம்ஸில் பதில் எழுதினார்.

"ஜூனா?" என்றேன். அந்த ஜூனில் நாங்கள் புதுச்சேரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தப் புத்தகத்தில் ஷீல்ட்ஸ் ஒன்று சொல்லியிருக்கிறாராம். நடுவில் மருந்தைத் தானாக நிறுத்தியபோது, குழந்தை பின்சீட்டில் இருக்க, காரைச் சுவரில் மோதிவிடலாமா என்று தோன்றியதாம். மகள் இதைச் சாதாரணமாக வாசித்தாள். நான் நோட்டை வாங்கி மூடினேன். அடுத்த வருஷம் குரூஸ் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார் என்பதையும் சொன்னாள். 2006 ஏப்ரல் 18இல் அவருக்கும் ஒரு மகள், ஷீல்ட்ஸுக்கும் இரண்டாவது மகள், ஒரே நாளில். கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். எங்கள் நடிகர் அந்தப் பேட்டியையே மறந்திருப்பார். அவர் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? மாத்திரையைப் பிடுங்கியது அவர் கையும் இல்லை.

நல்ல விதமாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 'வாரணம் ஆயிரம்' படத்தில் வந்த சமீரா ரெட்டி, 2015இல் முதல் குழந்தைக்குப் பின் தான் பட்ட பாட்டை ஒளிக்காமல் சொன்னார். அது நல்லது. ஆனால் பிரபலம் சொன்னால்தான் நம்புவேன் என்கிற என் வியாதிக்கு அதுவும் மருந்து இல்லை. 2002இலேயே வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆய்வு செய்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள்: பிள்ளை பெற்றவர்களில் 100க்கு 11 பேருக்கு இது வருகிறது. ஆண் பிள்ளைக்கு ஆசைப்பட்ட வீட்டில் பெண் பிறப்பது, வருமானம் குறைவு, மாமியாரோடு மனஸ்தாபம், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. காரணங்களை மகள் வாசிக்க வாசிக்க, யாரோ என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. அதற்கு யாரும் கைதட்டியிருக்கமாட்டார்கள்.

அவளுக்கு வகுப்பில் ஒரு பயிற்சி. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்வி. 1987இல் உண்டாக்கியது, தமிழிலும் இருக்கிறது. யாரிடமாவது கேட்டுப் பழக வேண்டுமாம். அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள்.

"எப்பத்திக் கணக்குடி இது?"

"கடைசி ஏழு நாள்மா."

"ஏழு நாள்னா ஒண்ணுமில்ல. போட்டுக்கோ."

சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, தூக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சைபர். பத்தாவது கேள்விக்கு வந்தபோது மகளின் குரல் கொஞ்சம் இறங்கியது. தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது அது. என் மனைவியின் கை கீரையில் நின்றது.

நான் செருப்பைத் தேடினேன்.

"எங்க போறீங்க?" என்றாள், என்னைப் பார்க்காமல். "ஒக்காருங்க. அந்த ஆகஸ்டு மாசத்துக் கணக்கச் சொல்றேன், அவ எழுதிக்கட்டும்."

உட்கார்ந்தேன்.