இல்லாத கார்டும் இருக்கிற கார்டும்

இன்றைக்கும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினிகள் பலவற்றிடம் "உன் மதர்போர்டு என்ன?" என்று கேட்டால், "இன்டெல் 440எஃப்எக்ஸ்" என்று பதில் வரும். 1996-ல் வெளிவந்த சிப்செட் அது. பென்டியம் ப்ரோ காலத்துச் சமாச்சாரம். "நெட்வொர்க் கார்டு?" என்றால் "இன்டெல் 82540இஎம்" என்றோ "ரியல்டெக் 8139" என்றோ சொல்லும். சர்வரைக் கழற்றிப் போட்டுத் தேடினாலும் அப்படி ஒரு கார்டு கிடைக்காது. க்யூஎம்யூ போன்ற ஒரு மென்பொருள் அதெல்லாம் இருப்பதாகப் பாவனை செய்கிறது. உள்ளே ஓடும் லினக்ஸோ விண்டோஸோ அதை அப்படியே நம்பிவிடுகிறது.

பொய் சொல்வதுதான் சொல்கிறார்கள், கொஞ்சம் புதிய கார்டாகச் சொல்லக்கூடாதா? கூடாது. பழைய கார்டுக்குத்தான் எல்லா இயங்குதளத்திலும் டிரைவர் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவினால்கூட 8139-க்குத் தனியாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. வன்பொருள் ஒத்திசைவு என்று பெரிய வார்த்தையில் சொல்வதன் சாரம் இவ்வளவுதான்: உள்ளே இருப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த முகத்தைக் காட்டுவது.

ஆனால் பாவனைக்குச் செலவு உண்டு. இல்லாத கார்டின் ரிஜிஸ்டரை டிரைவர் தொடும்போதெல்லாம் மெய்நிகர் கணினியை நிறுத்தி, ஹைப்பர்வைசர் எழுந்து வந்து, கார்டு என்ன செய்திருக்குமோ அதைச் செய்துகாட்டிவிட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். இது கட்டுப்படியாகாது என்பதால் வந்ததுதான் விர்ட்டியோ. ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர் தொடங்கிவைத்தது. 2008 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.6.24-ல் சேர்ந்தது. "நான் உண்மையான கார்டு இல்லை, உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்த நினைவகத்தில் பேக்கெட்டுகளை வை, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று நேராகப் பேசும் கார்டு. நேர்மைக்கும் ஒரு விலை இருக்கிறது. விண்டோஸில் இதற்கான டிரைவர் கூடவே வருவதில்லை. க்யூஎம்யூவில் விர்ட்டியோ வட்டைக் கொடுத்து விண்டோஸை நிறுவ முயன்றவர்களுக்கு, "வட்டு எதுவும் இல்லை" என்று அது கைவிரிக்கும் திரை மறந்திருக்காது.

பொய்யானாலும் நேர்மையானாலும் மென்பொருள் கார்டுகளுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. கணினியை ஓடும்போதே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். 2005-ல் ஸென் ஹைப்பர்வைசரை வைத்து வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில், ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்த குவேக் 3 சர்வரையே இடம் மாற்றிக் காட்டினார்கள். ஆட்டம் நின்ற நேரம் சுமார் 60 மில்லிசெகண்டு. முதலில் நினைவகம் முழுவதையும் நகலெடுப்பது, அதற்குள் மாறிவிட்ட பக்கங்களை மறுபடி நகலெடுப்பது, மிச்சம் கொஞ்சமாகிற வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வது, கடைசியில் ஒரு கணம் நிறுத்தி மிச்சத்தையும் அனுப்புவது. கார்டும் வெறும் மென்பொருள்தான் என்பதால் அதன் நிலையையும் கூடவே எழுதி அனுப்பிவிடலாம்.

இந்தச் சுகத்தைக் கெடுத்தது வேகத்தின் மேல் வந்த ஆசை. 2007-ல் வந்த எஸ்ஆர்-ஐஓவி என்ற தரத்தின்படி, ஒரே நெட்வொர்க் கார்டு தன்னைப் பல குட்டிக் கார்டுகளாகக் காட்டிக்கொள்ளும். அதில் ஒன்றை அப்படியே மெய்நிகர் கணினியின் கையில் கொடுத்துவிடலாம். நடுவில் ஹைப்பர்வைசர் இல்லை. வேகம் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் இடம் மாற்றும் வேலை அங்கேயே நின்றுவிடும். கார்டின் நிலை சிலிக்கானுக்குள் இருக்கிறது, எட்டிப் பார்க்க வழியில்லை. போதாததற்கு, கார்டு தானாகவே நினைவகத்தில் எழுதுகிறது. எந்தப் பக்கம் மாறியது என்று ஹைப்பர்வைசருக்குத் தெரியாது. பராமரிப்புக்காகச் சர்வரை அணைக்க வேண்டுமென்றால், அதில் குடியிருக்கும் கணினிகளையும் அணைக்க வேண்டியதுதான்.

முதலில் கிடைத்த வழி பாண்டிங். உள்ளே விர்ட்டியோ ஒன்று, நிஜக் கார்டு ஒன்று, இரண்டையும் ஒரு கட்டாகக் கட்டி, ஒன்று போனால் மற்றது ஓட வேண்டும் என்று எழுதிவைப்பது. நல்ல வழிதான், ஆனால் எழுதவேண்டியவர் கணினியை வாடகைக்கு எடுத்தவர். அவருக்கு எஸ்ஆர்-ஐஓவி என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2018-ல் லினக்ஸ் 4.18-ல் நெட்_ஃபெயில்ஓவர் என்ற டிரைவர் வந்தது. விர்ட்டியோ கார்டுக்கும் நிஜக் கார்டுக்கும் ஒரே மேக் முகவரியைக் கொடுத்துவிடுவார்கள். முகவரி ஒன்றாக இருப்பதைப் பார்த்தே கர்னல் இரண்டையும் ஜோடி சேர்த்து, மேலே மூன்றாவதாக ஒரு முகத்தை வைத்துவிடும். நிஜக் கார்டு இருக்கும்வரை பேக்கெட்டுகள் அதன் வழியே. அதைப் பிடுங்கினால் விர்ட்டியோ வழியே. ஸ்டெப்னி மாதிரிதான், ஆனால் ஓடும் வண்டியிலேயே சக்கரம் மாறிவிடுகிறது. ஐபி முகவரி மேலே இருக்கும் முகத்தில் இருப்பதால் தொடர்புகள் அறுந்துபோவதில்லை.

இங்கேதான் சுவாரஸ்யம். இந்த வித்தையை அறியாத பழைய கர்னல் உள்ளே இருந்தால்? ஒரே மேக் முகவரியில் இரண்டு கார்டுகளைப் பார்த்து அது குழம்பிப்போகும். அதனால் விர்ட்டியோவில் "ஸ்டாண்ட்பை" என்று ஒரு பிட்டை ஒதுக்கினார்கள். 2019 டிசம்பரில் வந்த க்யூஎம்யூ 4.2, உள்ளே இருப்பவர் அந்தப் பிட்டை ஒப்புக்கொள்ளும்வரை நிஜக் கார்டைக் கண்ணிலேயே காட்டாது. ஒப்புக்கொண்ட பிறகுதான் சொருகும். இடம் மாற்றும் நேரம் வந்தால், கார்டை விடச் சொல்லிக் கேட்டுவிட்டு, விட்டுவிட்டேன் என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். இதற்கென்றே தனியாக ஒரு காத்திருப்பு நிலை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது தொங்கிப்போயிருந்தால் காத்திருப்பும் நீளும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலே எல்லாம் நடக்கும் என்பதுதான் மெய்நிகர் கணினியின் பழைய பெருமை. வேகம் வேண்டுமென்றதும் அவரை ரகசியத்தில் கூட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஒரு கார்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று பெயர்கள் தெரியும். டிஹெச்சிபி மேலே உள்ளதில் மட்டும்தான் ஓட வேண்டும், கீழே உள்ள இரண்டில் ஓடினால் ரகளை. கிளவுட்-இனிட் போன்ற கருவிகளுக்கும் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. நிஜக் கார்டுக்குள்ளேயே ஒரு குட்டி ஸ்விட்ச் வேறு இருக்கிறது. குட்டிக் கார்டைப் பிடுங்கும்போது அதிலிருந்து மேக் முகவரியைத் துடைக்காவிட்டால், ஆளில்லாத வீட்டுக்குத் தபால் போவதுபோல் பேக்கெட்டுகள் அங்கேயே போய்க்கொண்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வழி கொஞ்சம் எளிது: மூன்றாவது முகம் கிடையாது, மென்பொருள் கார்டே மேலே நின்று நிஜக் கார்டைத் தன் கீழ் வைத்துக்கொள்ளும். பார்க்கப்போனால் அதுதான் அழகாக இருக்கிறது.

2022-ல் வந்த லினக்ஸ் 5.18 முதல், தன் நிலையைத் தானே எழுதிக்கொடுக்கக்கூடிய கார்டுகளுக்கும் வழி பிறந்திருக்கிறது; அந்தப் பதிப்பிலேயே மெல்லனாக்ஸ் கார்டுகளுக்கான டிரைவர் வந்துவிட்டது. அப்படியானால் பிடுங்கவே வேண்டாம், கார்டின் நிலையையும் சேர்த்தே அனுப்பலாம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள, போய்ச் சேரும் சர்வரிலும் அதற்கு இணக்கமான கார்டே இருக்க வேண்டும். ஜோடி கட்டிய ஏற்பாட்டில் அந்தக் கெடுபிடி இல்லை. இன்டெல் கார்டு உள்ள சர்வரிலிருந்து கிளம்பி மெல்லனாக்ஸ் உள்ளதில் இறங்கலாம், உள்ளே இரண்டுக்கும் டிரைவர் இருந்தால் போதும். போன இடத்தில் குட்டிக் கார்டே மிச்சமில்லை என்றாலும் பரவாயில்லை, ஒன்று காலியாகும்வரை விர்ட்டியோவிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்.